மூடி போட்ட சோறு, மூடாத சோறு

ஆம்பூருக்குப் பிரியாணி சாப்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறார்கள். பசி வந்த பிறகு வந்து, மேஜையில் உட்கார்ந்து, இலையில் விழுவதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். விவரம் தெரிந்தவர் பதினொரு மணிக்கே வந்துவிடுவார். முன்னால் நாற்காலி தேட மாட்டார். பின்கட்டில் விறகடுப்புப் பக்கம் ஓரமாக நிற்க இடம் கேட்பார். பார்க்க வேண்டிய காரியம் அங்கேதான் நடக்கிறது; இரண்டு நிமிடத்தில் முடிந்தும் விடுகிறது.

தேக்சா என்னும் பெரிய பாத்திரத்தின் மூடிமேல் கங்கு குவிந்திருக்கிறது. மேலே சாம்பல் படர்ந்து செத்துப்போனதுபோல் கிடக்கும். ஒரு விசிறு விசிறினால் கண் திறக்கும். மாஸ்டர் அதை இரும்புக் கரண்டியால் வழித்துத் தகரத் தட்டில் தள்ளுகிறார். மூடியின் விளிம்பைச் சாக்குத் துணியால் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிர்ப்பக்கமாகத் தூக்குகிறார். முதலில் வருவது வெறும் ஆவி. அதற்குப் பின்னால் புதினா, அதற்கும் பின்னால் பூண்டு, கடைசியில் கறி. அகப்பைக்கு அங்கே வேலை கிடையாது. தட்டு ஒன்றை எடுத்து, தேக்சாவின் ஓரத்தில் செங்குத்தாக இறக்கி, அடிவரை போய், அள்ளி, ஒரே ஒரு முறை புரட்டிப் போடுகிறார். கிண்டினால் சீரகச் சம்பா உடைந்துவிடும். பிறகு ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்க்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு “போடு” என்கிறார். கடை திறந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இன்னும் காலை ஏழு மணிதான். வாலென்சியாவிலோ அலிகாந்தேவிலோ சோறு சமைத்துப் புகழ்பெற்ற உணவகத்துச் சமையல்காரர் அப்போதுதான் காபி குடித்துக்கொண்டிருப்பார். அவர் அடுப்பு மூட்ட இன்னும் பல மணி நேரம் இருக்கிறது. அவர் சமைக்கப்போகும் சட்டிக்கு மூடியே கிடையாது.

ஸ்பானிய உணவகம் தேடி ஆம்பூர், ஏலகிரி மலைப் பக்கம் யாரும் வருவதில்லை. ஆனாலும் இந்த வட்டாரத்துக்கும் ஸ்பெயினின் அந்த மூலைக்கும் ஓர் ஒட்டு இருக்கிறது, காலணி வழியாக. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்று வட்டாரத்து ஊர்கள் தோலிலும் செருப்பிலும் பிழைப்பவை. அலிகாந்தே மாகாணத்தின் எல்ச்சே, எல்டா ஆகிய ஊர்களும் அப்படியே. எல்டாவில் காலணிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் பழைய சொல் ஒன்று ஸ்பெயினின் கோர்தோபா நகரத்துத் தோலின் பெயரிலிருந்து வந்தது. காலையெல்லாம் தோலில் வேலை செய்துவிட்டு மதியம் விறகடுப்புச் சோற்றைச் சாப்பிடும் ஊர்கள் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது ஒன்றே போதும்.

ஸ்பானிய உணவகம் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது டாபாஸ்: சின்னச் சின்னத் தட்டுகளில் ஆலிவ், இறால், உருளைக்கிழங்கு. அது வேறு விளையாட்டு. நின்றுகொண்டே, ஒரு கையில் கோப்பையோடு ஆடுவது. உட்கார்ந்து ஆடும் ஆட்டம் சோறு. அங்கே அரிசிக்கு ‘அரோஸ்’ என்று பெயர். அரபி மொழியிலிருந்து வந்த சொல். சொல்லைப் போலவே பயிரையும் வாலென்சியாவின் சதுப்பு நிலங்களுக்குக் கொண்டுவந்தவர்கள் அரபு ஆட்சியாளர்கள்தாம். அந்தச் சொல்லுக்கும் நம் ‘அரிசி’க்கும் உறவு உண்டா என்று மொழியியலாளர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை சோறு ஆறாமல் இருந்தால் சரி.

‘பாயேயா’ என்பது முதலில் பாத்திரத்தின் பெயர். அகலமான, ஆழமில்லாத, இரண்டு காது வைத்த இரும்புச் சட்டி. அதில் சமைத்த சோற்றுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. வாலென்சியாக்காரர் ஒப்புக்கொள்ளும் பாயேயாவில் கோழியும் முயலும் உண்டு. தட்டையான பச்சை அவரையும், ‘கரோஃபோ’ என்கிற பெரிய வெள்ளை மொச்சையும், தக்காளியும் குங்குமப்பூவும் உண்டு. பருவம் வாய்த்தால் நத்தையும் சேரும். வெங்காயம் கிடையாது. வெங்காயம் தண்ணீர் விட்டுச் சோற்றைக் குழைத்துவிடும் என்பது அவர்கள் கட்சி. கூடை கூடையாக வெங்காயம் அரியும் ஆம்பூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் மூடியில்லாத சட்டிக்காரரின் கவலை மூடி போட்டவருக்குப் புரியாது.

கவலை முழுவதும் தண்ணீரைப் பற்றியதுதான். பாயேயாவில் அரிசியைத் தனியாக வேகவைத்து வடிப்பதில்லை. கொதிக்கும் கறிச்சாற்றில் பச்சரிசியைத் தூவிப் பரப்பிவிட்டால் அதன் பிறகு கரண்டி போடக் கூடாது. ‘போம்பா’ ரக அரிசி பதினேழு, பதினெட்டு நிமிடத்தில் வேகும். அதற்குள் சாறு முழுவதும் அரிசிக்குள் போயிருக்க வேண்டும், அல்லது ஆவியாகியிருக்க வேண்டும். சட்டி அகலம், அடுப்பு வெளியில் இருந்தால் காற்று, விறகின் வேகம் ஒவ்வொன்றும் கணக்கை மாற்றும். முதல் பாதியில் தீ எரிய வேண்டும். இரண்டாம் பாதியில் தணிய வேண்டும். விறகடுப்பில் தீயைத் திருகிக் குறைக்க முடியாது, கட்டையை இழுத்துத்தான் குறைக்க வேண்டும். வாலென்சியாவில் ஆரஞ்சு மர விறகு. தோப்புகள் அங்கே ஏராளம். 1922இல் தொடங்கிய ‘காசா கார்மேலா’ இன்றும் விறகில்தான் சமைக்கிறது.

கடைசி இரண்டு நிமிடம் காதுக்கு. கொதிக்கிற சத்தம் குறைந்து, நின்று, அடியில் ஏதோ பொரிகிற சத்தம் மெல்லத் தொடங்கும். சாறு தீர்ந்து, மிச்சமிருக்கும் எண்ணெயில் அடிச்சோறு வறுபடுகிறது. அங்கே சட்டியை இறக்கினால் பொன் நிறத்தில் ஒரு தோல் பிடித்திருக்கும். இன்னும் முப்பது விநாடி விட்டால் கரி. அந்தத் தோலுக்கு ‘சொக்கராத்’ என்று பெயர். நமக்கு அது காந்தல். பானையின் அடியைச் சுரண்டி, ‘எனக்குத்தான்’ என்று அண்ணன் தம்பி சண்டை போட்டுத் தின்ற அதே பண்டம். நம் வீடுகளில் அது தவறி வந்த லாபம். அவர்கள் அதைக் குறிவைத்துச் செய்கிறார்கள். பாயேயாவை எடைபோடுகிறவர் முதலில் கரண்டியை அடிக்குத்தான் விடுவார்.

அங்கே சாப்பிடும் முறையும் கவனிக்கத் தக்கது. சோறு மதியத்துக்கு மட்டும். இரண்டு, மூன்று மணி வாக்கில். இரவில் பாயேயா கேட்கிறவர் வெளியூர்க்காரர் என்று சர்வருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் சமைப்பார்கள். தனியாகப் போகிறவர் பாடு திண்டாட்டம். காத்திருக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் சாலட், கொஞ்சம் கணவாய். சமைத்து முடித்ததும் சட்டியை அப்படியே மேஜைக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள், பெண்ணைப் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல. வீட்டு வழக்கப்படி என்றால் தட்டே கிடையாது. சட்டி நடுவில், ஆளுக்கொரு மரக்கரண்டி. அவரவர் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி முக்கோணமாகச் சாப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். பக்கத்து முக்கோணத்துக்குள் கை போகக் கூடாது. சஹன் என்னும் பெரிய பொதுத் தட்டில் கூடி உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய முஸ்லிம் வீட்டாருக்கு இந்த மரியாதைக் கணக்கைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்னையிலோ பெங்களூரிலோ பாயேயா கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. எவ்வளவு நேரமாகும் என்று முதலில் கேளுங்கள். ‘பத்து நிமிஷம் சார்’ என்று பதில் வந்தால் வேறு எதையாவது வாங்கிச் சாப்பிடுங்கள். அது வடித்த சோற்றை மஞ்சளாக்கி மேலே இறால் அடுக்கியது. அரை மணி நேரம் என்றால் உட்காரலாம். பாஸ்மதியில் செய்திருந்தால் அதையும் மன்னிக்க வேண்டியதில்லை. பாஸ்மதி நீளத்தில் வளரும் அரிசி. போம்பா பக்கவாட்டில் உப்பி, சாற்றைக் குடித்து, வயிறு பெருத்து நிற்கும். உருவத்திலும் குணத்திலும் பாஸ்மதியைவிட நம் சீரகச் சம்பா அதற்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். இரண்டுமே தம் வாசனையைப் பின்னால் தள்ளிவைத்து, கறியின் ருசியை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வாலென்சியாவிலிருந்து தெற்கே இறங்கி அலிகாந்தேவுக்குள் நுழைந்தால் ஆம்பூர் இன்னும் கிட்டத்தில் வருகிறது. அங்கே சோற்றுக்கு அடிப்படை ‘ஞோரா’ என்னும் உருண்டையான காய்ந்த சிவப்பு மிளகாய். காரம் இருக்காது, நிறமும் ஒரு மெல்லிய இனிப்பும் உண்டு. அதைப் பூண்டோடும் தக்காளியோடும் சேர்த்து அரைக்கும் விழுதுக்கு ‘சல்மொரேத்தா’ என்று பெயர். ஆம்பூர் மாஸ்டரும் மிளகாய்த்தூள் போடுவதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைக்கிறார். காரத்தை அடக்கி நிறத்தை வாங்குகிற அதே தந்திரம். சேலத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் பழகிய நாக்கு ஆம்பூர்ப் பிரியாணியை முதல் வாயில் ‘சப்பென்று இருக்கிறதே’ என்று நினைப்பது இதனால்தான். நாலாவது வாயில் அந்த எண்ணம் மாறும்.

இதில் ஒரு கொடுக்கல் வாங்கலும் ஒளிந்திருக்கிறது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் போய்ச் சேர்ந்த பிறகு அவை ஸ்பெயினுக்கு வந்தன. இந்தியாவுக்கு மிளகாயைப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள். ஆசியாவின் அரிசி அவர்கள் சட்டியில். அவர்கள் கப்பலேற்றிய மிளகாய் நம் தேக்சாவில்.

அலிகாந்தே மாகாணத்தின் உட்பகுதியில் பினோசோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ‘பாகோ காந்தியா’ என்ற உணவகத்தின் முயல்-நத்தைச் சோறு ஸ்பெயின் முழுக்கப் பேசப்படுவது. திராட்சைக் கொடியைக் கவாத்து செய்த சுள்ளிகளை எரித்துச் சமைக்கிறார்கள். சுள்ளி பற்றினால் தீ சட்டியையே சுற்றி மேலே எழும்பும். நடுவில் நிற்கும் ஆள் கண்ணுக்குத் தெரியாது. சோறு சட்டியில் ஒரே ஒரு பருக்கை உயரத்துக்குத்தான் இருக்கும். ஏறத்தாழ எல்லாப் பருக்கையும் அடியைத் தொடுகிறது. எல்லாப் பருக்கைக்கும் புகை படுகிறது. ஐம்பது பேருக்கு ஒரே தேக்சாவில் ஆழமாகச் சமைக்கும் ஆம்பூருக்கு இது நேர் எதிர்த் துருவம். பத்துப் பேர் வந்தாலே நாலைந்து சட்டி ஏற்ற வேண்டிய தொழில். வியாபாரமாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம், சந்தேகமில்லை.

செருப்பு ஊரான எல்ச்சேயில்தான் ஆச்சரியம் காத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பேரீச்சந்தோப்பு அந்த ஊரின் அடையாளம். அரபுக் காலத்துப் பாசன முறையில் அமைந்தது. அந்த ஊரின் சோற்றுக்கு ‘அரோஸ் கோன் கோஸ்த்ரா’ என்று பெயர். ஏடு கட்டிய சோறு என்று சொல்லலாம். அரிசி கறியோடு வெந்து வரும்போது அடித்த முட்டையை மேலே ஊற்றுவார்கள். பிறகு, பழைய முறையில், ‘கோஸ்த்ரேரா’ என்றொரு இரும்பு மூடியைப் போட்டு, அந்த மூடிமேல் கங்கைக் கொட்டுவார்கள். முட்டை உப்பிப் பொன்னாகிச் சோற்றின்மேல் தோலாகப் படியும். மூடியில்லாச் சோற்றின் நாட்டில், தோல் ஊர் ஒன்றில், மூடிமேல் கங்கு! ஆம்பூர் மாஸ்டர் அதைப் பார்த்தால் அந்த மூடியைத் தூக்கும் சாக்குத் துணியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்.

ஆம்பூரின் மூடிக்கு வேலை வேறு. இங்கே அரிசியைத் தனி அண்டாவில் முக்கால் பதத்துக்கு வேகவைத்து வடித்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் கறி, வெங்காயம், தக்காளி, தயிர், மிளகாய் விழுது, பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் சேர்ந்து வெந்திருக்கும். வடித்த சோற்றை அதில் கொட்டிக் கலந்து, மூடி, மேலும் கீழும் கங்கு. மிச்சக் கால் பங்கு வேக்காடு ஆவியில். அந்தக் கால் பங்குக்கு எவ்வளவு நீர் வேண்டுமோ அவ்வளவுதான் கறிச்சாற்றில் இருக்க வேண்டும். கூடினால் பொங்கல்; குறைந்தால் பருக்கை நடுவில் ஊசி நிற்கும். மூடிய பிறகு பார்க்க வழியில்லை. வாலென்சியாக்காரர் பதினெட்டு நிமிடமும் கண்ணாலும் காதாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம், திருத்த முடியாவிட்டாலும். ஆம்பூர்க்காரர் மூடும்போதே முடிவைச் சொல்லிவிட வேண்டியவர். துணிச்சலுக்கு மதிப்பெண் போடுவதென்றால் ஆம்பூருக்கு ஒன்று கூடுதலாகப் போடலாம். நுணுக்கத்துக்கு வாலென்சியாவுக்கு.

ஹைதராபாத் பிரியாணியில் அடுக்கு தெரியும்; வெள்ளைச் சோறும் மஞ்சள் சோறும் மாறி மாறி வரும். ஆம்பூரில் கலந்து தம் போடுவதால் தேக்சா முழுக்க ஒரே நிறம், செங்கல்லில் கொஞ்சம் பாலைக் கலந்ததுபோல. மேலே எண்ணெய் மிதக்கக் கூடாது. சீரகச் சம்பா கையில் ஒட்டக் கூடாது. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி என்பது பழைய கணக்கு. இலையில் கறித்துண்டைத் தேட வேண்டியிருந்தால் கணக்கு மாறிவிட்டது என்று பொருள். இதையெல்லாம்விடத் துல்லியமான சோதனை குஸ்கா. கறியில்லாத வெறும் பிரியாணிச் சோற்றைத் தனியாக வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்து, அதிலும் கறி இருப்பதுபோல் நாக்கு ஏமாந்தால் மாஸ்டர் கைக்காரர்.

பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய். வெளியூரில் பிரியாணிக்குத் தருகிற குழம்புத் தண்ணீர்போல் இராது. புளியும் எள்ளும் வேர்க்கடலையும் அரைத்துச் சுண்டவைத்த கெட்டிப் பண்டம். தயிர்ப் பச்சடி சூட்டைத் தணிக்கும். இந்தக் கத்திரிக்காய் சோற்றை மறுபடி கேட்க வைக்கும். ஸ்பெயினில் இந்த வேலையை ‘அலியோலி’ செய்கிறது: பூண்டையும் ஆலிவ் எண்ணெயையும் வெண்ணெய்போல் அரைத்தது. கடல்மீன் சாற்றில் வெந்த சோற்றுக்கு ஒரு துளி போதும். கத்திரிக்காயைத் துளியாகச் சாப்பிட்டவர் ஆம்பூரில் கிடையாது.

ஆற்காட்டு நவாபுகளின் சமையலறையிலிருந்து வந்த கைப்பக்குவம் என்பது ஊர் சொல்லும் கதை. கதைக்கு ஏற்ற நிலம்தான். 1749 ஆகஸ்ட் 3 அன்று இதே ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருதீன் கான் உயிரிழந்தார். கடையாக வைத்து விற்ற வரலாற்றில் ஆம்பூரின் ஸ்டார் பிரியாணிக் குடும்பம் 1890 என்ற ஆண்டைச் சொல்கிறது. வாலென்சியாக் கடற்கரையில் ஹெமிங்வே சாப்பிட்ட ‘லா பெபிகா’ திறந்தது 1898இல். ஆம்பூர் எட்டு வருடம் மூத்தது.

பெயர் பரவினால் போலி பரவும். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ‘ஆம்பூர் பிரியாணி’ என்று எழுதாத பலகையை எண்ணுவது எளிது. வாலென்சியாவிலும் இதே நோய். கண்டதையும் போட்டுச் சமைத்துவிட்டுப் பாயேயா என்று விற்பதை அவர்கள் ‘சாமான் போட்ட சோறு’ என்று கேலி செய்வார்கள். 2016இல் ஆங்கிலச் சமையல்காரர் ஜேமி ஆலிவர் பாயேயாவில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியைப் போட்டதற்கு ஸ்பெயின் முழுவதும் கொதித்தது. 2021இல் வாலென்சியா மாநில அரசு பாயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்துவிட்டது.

ஆம்பூரில் அரசு கைவைத்தபோது நடந்தது வேறு. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. முயலும் நத்தையும் இல்லாமல் பினோசோவில் சோற்றுத் திருவிழா நடத்துவதற்குச் சமம் அது. ஆம்பூரில் மாட்டுக்கறிப் பிரியாணி விலை குறைந்த மாற்றுச் சரக்காக மட்டும் நிற்பதில்லை. அதற்கென்று கடைகள், அதற்கென்று ரசிகர்கள். தம்மில் நீண்ட நேரம் தாங்கி, சாற்றை மெல்ல விடும் கறி அது. ரசனை பேசுகிறவர் ஆட்டுக்கறியோடு நிறுத்திக்கொண்டால் ஊரைப் பாதிதான் சாப்பிட்டிருக்கிறார்.

பொட்டலம் கட்டும் விஷயத்தில் பாயேயா முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். சட்டியிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடம் சொக்கராத் நமுத்துப்போகும். ஆம்பூர்ப் பிரியாணி பயணத்துக்கென்றே பிறந்தது. தம்மில் வெந்த சோறு இலைக்குள்ளும் காகிதத்துக்குள்ளும் இன்னொரு சின்னத் தம் போட்டுக்கொள்கிறது. ஏலகிரிக்குப் போகிறவர்கள் வழியில் வண்டியை நிறுத்தி இரண்டு பொட்டலம் வாங்கிக்கொள்வதுண்டு. வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பி, பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். முதல் ஏழு வளைவுக்குப் புலவர்கள் பெயர், அடுத்த ஏழுக்குப் பாரி முதல் பேகன் வரை வள்ளல்கள் பெயர். பின்சீட்டில் மடியில் பொட்டலத்தை வைத்திருக்கிறவருக்கு அந்த ஏழு பெயர்ப்பலகையும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

மேலே, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், சாயங்காலம் குளிர் இறங்கிவிடும். புங்கனூர் ஏரிக்கரைச் சிமெண்டு இருக்கையில் ஒருவர் நூலை அவிழ்க்கிறார். காலையில் தம் உடைத்த பிரியாணிக்கு இப்போது ஆறேழு மணி நேர வயது. நெய்யை நம்பிச் செய்த பிரியாணியாக இருந்தால் இந்தக் குளிரில் வெள்ளையாக உறைந்து இலையோடு ஒட்டியிருக்கும். இது எண்ணெயில் தாளித்தது. பருக்கை இன்னும் தனித்தனியாக உதிர்கிறது. வாசனையில் புதினா போய்விட்டது, பூண்டும் கறியும் நிற்கின்றன. கத்திரிக்காய்ப் பை ஓரத்தில் கசிந்து, ஒரு மூலைச் சோறு மட்டும் புளிப்பேறிக் கறுத்திருக்கிறது. அவர் அந்த மூலையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, மற்ற மூன்று பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிச் சாப்பிடத் தொடங்குகிறார்.